‘நாளைக்குப் பார்க்கலாம்’ ஏன் இனிக்கிறது?

மணவாளக்குறிச்சி பேரூராட்சியில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. கையில் பணம் இருக்கும், தொகையும் தெரியும். ஆனாலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளுகிறோமே, ஏன்?

சோம்பல் என்று வைவது எளிது. ஆனால் தள்ளிப்போடுபவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். ஃபுஷியா சிரோய், டிமோத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் இதை மனநிலைச் சிக்கலாகவே விளக்கினார்கள். ஒரு வேலையை நினைத்ததும் சலிப்போ பயமோ எழுகிறது. தள்ளியதும் உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைக்கும் காரியத்தை மூளை மறுபடியும் செய்யும். பிறகு வரும் லாபமோ தூரத்திலிருப்பதால் சிறிதாகத் தெரிகிறது.

எப்படி மீள்வது? ‘இந்த வாரம் கட்டுவேன்’ என்பது பலிப்பது கடினம். ‘வெள்ளிக்கிழமை காலைச் சாயா குடித்ததும் ரசீதை எடுப்பேன்’ என்று நேரத்தோடு முடிச்சுப் போடுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் சொல்லும் வழி இது.

இன்னொன்று, எனக்கே வியப்பானது: 2010-இல் கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளியதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். நம்மையே திட்டிக்கொண்டால் அந்த வேலையோடு கசப்பும் சேர்ந்துகொள்கிறது; பிள்ளைகளை வையும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.