கிள்ளானிலிருந்து அல்மாட்டிக்கு ஆங்கிலம்

"உனக்கு ரஷ்யன் பாஷை தெரியுமா?" சொந்தபந்தம் கூடும் கல்யாண வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. பத்துப் பதினைந்து சொற்கள் தெரியும், அவ்வளவுதான். அடுத்த கேள்வி கொஞ்சம் குறும்பாக வரும். "வெள்ளைக்காரன் அத்தனை பேர் இருக்கும்போது உன்கிட்ட எதுக்கு இங்கிலீஷ் படிக்க வர்றாங்க?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

பகலில் கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் நான்கு இரவுகளும் சனிக்கிழமை காலையும் மடிக்கணினி முன் உட்கார்ந்து ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். இதே வேலையைச் செய்யும் தோழிகள் இருவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார்கள். நேரம் ஒத்துவராத மாணவர்களை எங்களுக்குள் மாற்றிக்கொள்வோம். மூவருக்கும் வரும் மாணவர்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள்.

ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் எல்லாரும் ரஷ்யர்கள் அல்லர். தமிழ் பேசுகிற எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்களா என்ன? 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்து 15 நாடுகளானது. மொழி மட்டும் எல்லை தாண்டித் தங்கிவிட்டது. பெலாருஸிலும் கிர்கிஸ்தானிலும் ரஷ்யன் இன்றும் ஆட்சி மொழிகளில் ஒன்று. கசக்ஸ்தான் அரசு அலுவலகங்களில் கசாக் மொழியோடு சேர்ந்து புழங்குகிறது. என் மாணவர்களில் அல்மாட்டி நகரக் கணக்காளர் உண்டு, ஜார்ஜியாவின் திபிலிசிக்குக் குடிபெயர்ந்த கணினி நிரலாளர் உண்டு, பிஷ்கெக்கில் ஓய்வூதியம் வாங்கும் பாட்டி ஒருவரும் உண்டு. வோல்கோகிராட், கூர்ஸ்க் என்று மருத்துவம் படிக்கப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவர்களுக்கு இந்த மொழியின் ஓசையாவது கேட்டுப் பழகியிருக்கும்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழியாகத்தான் வந்தது. ரஷ்யன் பேசுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு இது எனக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்று தெரிந்தது. ஏனென்றால், ஆங்கிலத்தில் அவர்கள் தடுக்கி விழும் கற்கள் பல நம் காலிலும் இடித்தவைதான்.

'நான் மாணவன்' என்று தமிழில் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். ரஷ்யனிலும் 'யா ஸ்துதென்த்' என்று இரண்டே சொல். ஆங்கிலத்தில் இடையே வரும் 'ஆம்' எதற்கு என்று அவர்களுக்கும் புரியாது. 'எனக்குக் குளிருது' என்கிறோம். அவர்களும் 'ம்னே ஹோலத்னா', அதாவது 'எனக்குக் குளிர்' என்பார்கள். குளிர்கிறவரை எழுவாயாக்கி 'ஐ ஆம் கோல்ட்' என்று சொல்வது இரு தரப்புக்கும் புதுப்பழக்கம். 'என்னிடம் கார் இருக்கிறது' என்பதற்கும் அவர்கள் நம்மைப் போலவே, என்னிடத்தில் இருக்கிறது என்ற பொருளில்தான் 'ஊ மின்யா யெஸ்த்' என்று தொடங்குவார்கள். ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ்' இருவருக்குமே இயல்பாக வருவதில்லை.

'நீ', 'நீங்கள்' வேறுபாடு அவர்களுக்கும் உண்டு: 'தி', 'வி'. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ' என்றதும் அல்மாட்டி கணக்காளர் முகம் சுளித்தார். முதலாளியையும் நாய்க்குட்டியையும் ஒரே மாதிரிதான் கூப்பிட வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பெயரிலும் ஓர் ஒற்றுமை. ரஷ்யப் பெயரின் நடுவில் அப்பா பெயர் வரும். மகனென்றால் 'இவானொவிச்', மகளென்றால் 'இவானொவ்னா'. நம் அடையாள அட்டையில் உள்ள ஏ/எல், ஏ/பி-யைக் காட்டி விளக்கினால் ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. ரஷ்யனில் 'கொடு' என்பதற்குச் சொல் 'தாய்'. நம் 'தா' போலவே இருக்கிறதே என்று உடனே உறவு கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள். தற்செயலாக ஒலி ஒத்துப்போவது எந்த இரு மொழிகளுக்கிடையிலும் நடக்கும்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'த' இரண்டும்தான் பெரிய தொல்லை. ரஷ்யனில் அவை கிடையாது. தமிழிலும் அப்படியே கிடையாது என்றாலும் நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று மகன்கள்.' முதல்முறை வரும்போது 'ஒரு', தெரிந்த ஆளாகிவிட்ட பிறகு 'அந்த'. ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளிலும் ராஜாவும் மூன்று மகன்களும் அடிக்கடி வருவார்கள். அதனால் இரண்டாவது வகுப்பில் எல்லாரும் கதை சொல்ல வேண்டும் என்பது என் சட்டம். 'தேர் வாஸ் எ கிங். த கிங் ஹேட் த்ரீ சன்ஸ்.' விதி எழுதிய தாள் எதுவும் தேவைப்படவில்லை. நான்கைந்து கதை ஆனதும் நாக்கே பழகிக்கொள்கிறது.

உச்சரிப்பில் 'ஷிப்', 'ஷீப்' சிக்கல். கப்பல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு இது முக்கியம். சரக்குக் கப்பல் செம்மறியாடு ஆகிவிடக் கூடாது. ரஷ்யனில் குறில், நெடில் என்று சொல்லைப் பிரித்துக்காட்டும் பழக்கம் இல்லை. நமக்கோ அது தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பாடம். கைந்நொடிப் பொழுதைத் தொல்காப்பியம் மாத்திரை என்கிறது. குறிலுக்கு ஒருமுறை, நெடிலுக்கு இருமுறை விரலைச் சொடுக்கச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் நாக்கின் இடமும் கொஞ்சம் மாறும். ஆனால் நீளம் சரியானாலே கேட்பவருக்குப் பாதி புரிந்துவிடும்.

ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இந்தக் கற்கள் கண்ணில் படுவதில்லை. ஏன் 'த' வருகிறது என்று கேட்டால், "அதுதான் சரியாகக் கேட்கிறது" என்பார். அது விளக்கமாகாது. அப்படியிருந்தும் இணையத்தில் ஆசிரியர் தேடுகிறவர்களில் பலர் 'தாய்மொழிக்காரர் மட்டும்' என்று எழுதிவைக்கிறார்கள். என் முகத்தையும் பெயரையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே போனவர்கள் உண்டு.

இந்த மனப்போக்கை எதிர்த்து உலக அளவில் எழுதியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழர், சுரேஷ் கனகராஜா. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஆங்கிலம் கற்பித்தலில் உள்ள ஆதிக்கத்தைப் பற்றிய அவருடைய நூலை ஆக்ஸ்ஃபோர்ட் 1999-ல் வெளியிட்டது. உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பான்மையினர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். அப்படியிருக்க, நல்ல ஆசிரியராகத் தகுதி ஒரே கூட்டத்துக்குத்தான் என்பது எப்படிச் சரியாகும்?

ஆங்கிலம் நமக்குச் சோறு போடுவது புதிதும் அல்ல. மலாயா ரயில்வேயின் எழுத்தர் வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தமிழர்களைக் கொண்டுவந்ததற்குக் காரணமே மிஷனரிப் பள்ளிகளில் அவர்கள் படித்த ஆங்கிலம்தான். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளில் அப்படி வந்த குடும்பங்கள் பல வாழ்ந்தன. அந்த ஆங்கிலம் கிடைக்காதவர்கள் தோட்டத்து லயங்களில் இருந்தார்கள். என் தாத்தா லயத்துக்காரர். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

பணத்துக்கு வருகிறேன். பிரெப்ளி என்ற தளம் பலருக்குத் தெரிந்திருக்கும். உக்ரேனியர்கள் மூவர் 2012-ல் தொடங்கியது. அங்கே முதல் சோதனை வகுப்பின் கட்டணம் முழுவதும் தளத்துக்கு. அதன் பிறகு 33 விழுக்காடு தரகு. வகுப்பு மணிகள் கூடக்கூட அது 18 விழுக்காடு வரை இறங்கும். 6 டாலர் வகுப்பென்றால் தொடக்கத்தில் கைக்கு வருவது 4 டாலர். மாணவர்களைத் தேடித்தரும் வேலையைத் தளம் செய்கிறது என்பதால் இதைக் கொள்ளை என்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது. புதியவர்கள் 2 டாலர், 3 டாலர் என்று விலையைக் கீழே தள்ளிப் போட்டி போடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. தரகும் தயாரிப்பு நேரமும் கழித்தால் அதற்கும் கீழே போகிற வகுப்பு யாருக்கு மலிவு?

நாங்கள் மூவரும் 40 நிமிடத்துக்கு 25 ரிங்கிட் வாங்குகிறோம்; ஏறக்குறைய 6 அமெரிக்க டாலர். ஒரு மாணவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் வேறொருவரிடம் சொல்லித்தான் ஆட்கள் வருகிறார்கள். 40 நிமிடம் என்பதற்குப் பெரிய கல்விக் காரணம் எதுவும் இல்லை. ஸூம் செயலியில் இலவசக் கணக்குக்கு அவ்வளவுதான் நேரம். அது முடிவதற்குள் எல்லாரும் சுறுசுறுப்பாகப் பேசிவிடுகிறார்கள் என்பதால் அப்படியே வைத்துக்கொண்டோம். வாரம் 12 வகுப்பு, மாதம் ஏறத்தாழ 1,200 ரிங்கிட். வேலையை விடும் அளவுக்கு இல்லை. ஆனால் பெட்ரோல் செலவில்லை, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலும் இல்லை. இந்த வருமானத்தை வருமான வரி வாரியத்துக்குக் காட்ட வேண்டும். தொழிலாகச் செய்கிறவர்களுக்கு 'பிஇ' பாரம் அல்ல, 'பி' பாரம். கடைசி நாள் ஜூன் 30.

நேர வேறுபாடும் நமக்குச் சாதகம். இங்கே இரவு 9 மணி என்றால் அல்மாட்டியில் மாலை 6, அலுவலகம் முடியும் நேரம். கசக்ஸ்தான் முழுவதும் ஒரே நேரம் என்று 2024 மார்ச் 1 முதல் மாற்றியதால் 2 மணி நேர இடைவெளி 3 ஆனது. அந்த வாரம் என் அட்டவணை படாத பாடு பட்டது.

ரஷ்யாவுக்குள் இருப்பவர்களிடம் பணம் வாங்குவது வேறு கதை. என் முதல் மாணவிகளில் ஒருவர் விளாடிவோஸ்டோக்கைச் சேர்ந்தவர். அதுவும் துறைமுக நகரம் என்பதால் எங்கள் பேச்சு பாதி கப்பல்களைப் பற்றியே இருக்கும். 2022 மார்ச் 5-ல் விசா, மாஸ்டர்கார்ட், பேபால் மூன்றும் ரஷ்யாவில் சேவையை நிறுத்துவதாக அறிவித்தன. அவருடைய அட்டை வெளிநாட்டில் செல்லாமல் போயிற்று. பாக்கியிருந்த வகுப்புகளை முடித்தோம், அதோடு நின்றது. யாரோ ஒருவர் கணக்கு வழியாகவோ மின்னாணயமாகவோ அனுப்புகிறேன் என்பவர்கள் இப்போதும் வருகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் வங்கிக் கணக்கு முடங்கினால் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்.

வகுப்பில் என்ன பேசுவோம்? எதையும். பிரிக்பீல்ட்ஸ் தோழி வீட்டில் கோயில் மணியும் ரயில் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அது என்ன ஒலி என்று மாணவர் கேட்பார், அதுவே அன்றைய பாடமாகிவிடும். 'கேன் லா', 'கேனாட் லா' வகை ஆங்கிலத்தை நான் ஒளித்துவைப்பதில்லை. இது எங்கள் வீட்டுப் பேச்சு, நேர்முகத் தேர்வுக்கு இது உதவாது என்று சொல்லிவிட்டே பேசிக்காட்டுகிறேன். திபிலிசி நிரலாளருக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

போரைப் பற்றி நானாகக் கேட்பதில்லை. கார்கிவ் நகரத்திலிருந்து வார்சாவுக்குப் போன ஒரு பெண் என்னிடம் படிக்கிறார். ரஷ்யன்தான் அவர் வீட்டு மொழி. போலந்தில் வேலைக்கு ஆங்கிலம் தேவைப்படுகிறது. வீட்டை விவரிக்கும் பயிற்சியில் கார்கிவ் வீட்டைப் பற்றிச் சொன்னார்: மூன்று அறை, சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு செர்ரி மரம். 'வீ ஹேவ் எ ஹவுஸ்' என்றே தொடங்கி, முழுக்க நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொண்டு போனார். அந்த வீடு இப்போது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. 'ஹேட்' என்று நான் திருத்தவில்லை.

பிஷ்கெக் பாட்டியிடம் 15 ரிங்கிட்தான் வாங்குகிறேன். இலவசமாகவே சொல்லித்தருகிறேன் என்றதற்கு, இலவசம் என்றால் வரமாட்டேன் என்றுவிட்டார். அவருடைய பேரன் டொரொன்டோவில் பிறந்தவன், ஆறு வயது, ரஷ்யன் புரியாது. திரையில் பாட்டியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஓடிவிடுவானாம். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பேரப்பிள்ளைகள் உள்ள நம் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு ஒரு கதையாவது சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் என்னிடம் வந்த காரணம்.

அவர் எடுத்துக்கொண்டது தவளை இளவரசி கதை. ராஜா, மூன்று மகன்கள், மூன்று அம்புகள். கடைசி மகனின் அம்பு சேற்றில் விழ, அவன் தவளையை மணக்க வேண்டி வருகிறது. 'எ', 'த' எல்லாம் பாட்டிக்கு இப்போது சரளமாக வருகிறது. 'மேரீட் வித் எ ஃப்ராக்' என்கிற இடத்தில்தான் நிற்கிறோம். அந்த 'வித்' வேண்டாம் என்று நான் சொல்ல, தவளையோடுதானே கல்யாணம் நடந்தது என்று அவர் வாதாடுகிறார். வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் பார்க்க வேண்டும். பேரனுக்குப் பிறந்தநாள் அடுத்த மாதம்.