வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி

கடல்மீன் வளர்க்க விரும்புவோர்க்கு முதற்கண் வேண்டுவது பொறுமையாகும். தொட்டி 80 லிட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று. சிறிய தொட்டியில் நீர் விரைவில் கெடும். குளோரின் நீக்கிய நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம், மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்பைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது.

மீன்களை உடனே விடலாகாது. அவற்றின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றும். தெளிந்த நீரிலும் அது கண்ணுக்குப் புலப்படாது. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதுவரை சிறிதளவு தீனி மட்டும் இட்டுவருக. சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையெனக் கண்ட பின்னரே ஓரிரு கோமாளி மீன்களை விடுக.

நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். ஆகவே, குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும்.