நெருப்போடு வாழ்தல் – 9: ஆறு கிராம் நிலக்கரி

போன வாரம் சமையல் எரிவாயு. இந்த வாரம் சட்டைப்பையில் இருக்கும் நெருப்பு. அதைப் புரிந்துகொள்ள நெய்வேலிக்குப் போவோம்.

1961-ல் சுரங்கத்தில் கரி கண்ட நாளிலிருந்து இந்த ஊர் ஒரு விஷயத்தோடு பழகிவருகிறது. பழுப்பு நிலக்கரிக்குத் தீக்குச்சி வேண்டாம். வெட்டிக் குவித்தால் காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து தானே சூடாகும். குவியலின் மேலே பிறக்கும் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். நடுவில் பிறப்பது அடைபட்டுக் கிடக்கும். சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், வினை வேகமெடுக்க இன்னும் சூடு ஏறும். ஒரு கட்டத்தில் புகையும். அதனால்தான் குவியலை இறுக்கி, தண்ணீர் தெளித்து, கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கைப்பேசியின் லித்தியம் அயனி பேட்டரியும் இப்படித்தான் எரிகிறது. அதன் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று. சுற்றிலும் எளிதில் தீப்பிடிக்கும் திரவம். கீழே விழுந்து நசுங்கினாலோ, தயாரிப்பில் கோளாறு இருந்தாலோ, படலம் கிழிந்து உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சூடேறும். சுமார் 130 டிகிரியில் படலமே உருகும். 200 டிகிரியை நெருங்கும்போது, கோபால்ட் ஆக்சைடு உள்ள மின்முனை தானே ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கும். நிலக்கரிக்குக் காற்றை அடைத்தால் தீ தணியும். இதற்கு அந்த வழியும் முழுதாகப் பலிக்காது.

எவ்வளவு ஆற்றல்? 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட் மணி. நெய்வேலிக் கரி கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி தரும். கணக்குப் போட்டால், முழு சார்ஜும் ஆறு கிராம் கரிக்குச் சமம். கரி அதை ஆற அமர வெளியிடும். கெட்டுப்போன பேட்டரியோ சில விநாடிகளில் கொட்டிவிடும்; அதோடு உள்ளிருக்கும் திரவமும் சேர்ந்து எரியும்.

அடிக்கடி நடக்கிறதா? 2007 ஆகஸ்டில் நோக்கியா, தன் பிஎல்-5சி வகையில் 4.6 கோடி பேட்டரிகளை மாற்றித்தர முன்வந்தது. அதுவரை உலகம் முழுக்க வந்திருந்த சூடேறல் புகார்கள் சுமார் நூறு. அத்தனை அரிது. ஆனாலும் 2016-ல் சாம்சங் நோட் 7 மாடலையே கைவிட நேர்ந்தது. ஒரு வகை பேட்டரியில் மின்முனையின் மூலை வளைந்திருந்தது, இன்னொன்றில் வெல்டிங் பிசிறு துருத்திக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், மேலே பை வைக்கும் இடத்திலிருந்து புகை. உள்ளே ஒரு பழைய நோட் 2. ஊழியர்கள் தீயணைப்பானை அடித்துவிட்டு, போனைக் கழிவறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது.

லித்தியம் என்றதும் தண்ணீர் ஆபத்து என்று பலர் தயங்குவார்கள். போன் பேட்டரிக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். சார்ஜரில் இருந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு தள்ளி நின்று தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தீயை அணைத்தால் மட்டும் போதாது, சூட்டையும் இறக்க வேண்டும். புகையைச் சுவாசிக்காதீர்கள்.

அந்த நிலைக்கே போகாமலிருக்க வழி, சூடு வெளியேற இடம் விடுவதுதான். பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் நெய்வேலி வெயில் நாற்பதைத் தொடும்போது மிஞ்சுவது ஐந்தே டிகிரி. அதற்கு மேல் தலையணைக்கடியில் போனை வைத்து சார்ஜ் போட்டால் என்ன ஆகும்? பேட்டரி உப்பினால் குத்திப் பார்க்காதீர்கள், அழுத்தி மூடாதீர்கள். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். புது பேட்டரியில் ஐஎஸ் 16046 தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். ஸ்கூட்டர் பேட்டரி போன் பேட்டரியைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அதை வீட்டில் எங்கே நிறுத்துவது?

அடுத்த வாரம் பார்ப்போம்.