வீட்டு யந்திரங்கள் – 6: பெரிய கிரைண்டரின் ஆயுள்

சென்ற வாரம் பார்த்த ஆட்டுக்கல்லில் கல் அசையாது. குழவிதான் கையின் பலத்தால் சுழலும். கோயம்புத்தூர்க் கிரைண்டர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கி, டிரம்மும் அடிக்கல்லும் சேர்ந்து சுழல, குழவியை நின்ற இடத்திலேயே உருள வைத்தது. 1955ஆம் ஆண்டில் அந்நகரைச் சேர்ந்த சபாபதி என்பவர் இதை முதன்முதலில் உருவாக்கினார் என்று சொல்வார்கள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லும் கோவை மோட்டார்ப் பட்டறைகளும் கைகோத்து வளர்த்த இத்தொழிலுக்குப் பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சமையலறையின் ஒரு மூலையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் பெரிய கிரைண்டரைப் பற்றி, "எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக உழைக்கிறது" என்று பெருமை கொள்ளாத குடும்பம் அபூர்வம். அப்பெருமையில் நியாயம் உண்டு. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் பெல்ட் பல முறை மாறியிருக்கும். பேரிங் தேய்ந்து புதிது போட்டிருப்பார்கள். கோடைகாலத்துக் குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் புகைந்து, மறுபடியும் காயில் கட்டியிருப்பார்கள். ஆதியில் வாங்கியபடியே எஞ்சியிருப்பது பெரும்பாலும் கல் ஒன்றுதான். அங்கம் அங்கமாகக் கழற்றி மாற்றக்கூடியதாக அது அமைந்திருப்பதே அதன் தீர்க்காயுசுக்குக் காரணம்.

பழகிய காதுக்கு யந்திரமே தன் உபாதையைச் சொல்லிவிடும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகிக்கொண்டு டிரம் சுற்றாமல் நின்றால், அநேகமாகக் கண்டென்சர் போயிருக்கும். மோட்டார் சரியாக ஓடியும் மாவு கெட்டியாகும்போது மட்டும் டிரம் தயங்கிக் கீச்சிட்டால், பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஊறிய அரிசியை முழுவதும் கொட்டிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுவது இவ்விரண்டு வியாதிகளையும் வலிய அழைப்பதாகும். சிறிது தண்ணீர் விட்டு ஓடவிட்டு, சுழற்சி நிலைத்த பின் கைகையாக அள்ளிப் போடுவதே கிரமம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கல் கொத்துதல். வருஷக்கணக்கில் அரைத்து வழவழப்பான கல்லில் தானியம் அகப்படாமல் வழுக்கிச் செல்லும். அரைக்கும் நேரம் நீளும். நீண்ட நேரம் ஓடுவதால் மாவு சூடேறி, உளுந்து காற்றைப் பிடித்துப் பொங்குவதும் குறையும். இட்லி தட்டையாக வந்தால் உளுந்தின் மேல் பழி போடுகிறோம். குற்றவாளி பெரும்பாலும் கல்லாகவே இருக்கும். குழவியைத் தரையில் சாக்கின் மேல் சாய்த்து வைத்து, உளியின் முனையைச் சிறிது சரித்துப் பிடித்து, சுத்தியலால் மிருதுவாகத் தட்டிக்கொண்டு வரும் கல்தச்சர், புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளி விட்டு, ஆழமில்லாமல் பொளிவார். ஆழமாகக் கொத்திய குழியில் மாவு தங்கிப் புளித்து நாறும் என்பது அவருக்குத் தெரியும். கொத்தி முடித்ததும் நன்றாகக் கழுவி, ஒரு பிடி நொய்யை அரைத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் முதல் நாள் தோசை பல்லில் நறநறக்கும்.

காலப்போக்கில் பிள்ளைகள் வெளியூர் சென்று வீட்டில் இருவர் மட்டும் மிஞ்சும்போது வேறொரு சங்கடம் உண்டாகிறது. பெரிய டிரம்மில் ஓர் ஆழாக்கு உளுந்தைப் போட்டால், அது குழவிக்கு அகப்படாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றும். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதும், இன்று கடைகளில் அதிகமாக விற்பதும் மேடைமேல் வைக்கும் சிறிய வகையே. ஆயினும் குளிர்ப்பெட்டி வந்த பிறகு, வாரத்துக்கு ஒருமுறை ஒரேயடியாக அரைத்து, ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து, பெரிய கிரைண்டரை விடாமல் வைத்திருக்கும் தம்பதிகளும் இல்லாமலில்லை.

வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்று யோசிக்கிறவர்கள் யந்திரத்தின் வயதை எண்ணிப் பிரயோஜனமில்லை. அந்த அளவு பெல்ட் உள்ளூர்க் கடையில் கிடைக்கிறதா, காயில் கட்டுகிறவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறாரா, கல் கொத்துகிறவர் கூப்பிட்டால் வருவாரா என்று விசாரிக்கட்டும். மூன்றுக்கும் ஆம் என்றால் புதியது வாங்கும் செலவு வீண். மூன்றுக்கும் இல்லை என்றால், எவ்வளவு நல்ல கல்லாக இருந்தும் அது வெறும் பாரமே.

அடுத்த வாரம்: மிக்ஸி.