காந்தளூர்ச் சாலையும் கலைக்களஞ்சியமும்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழர்களுள் சாலைக் கடைத்தெருவை அறியாதார் இலர். அரிசியும் பருப்பும் வாங்க நாம் அங்கேதானே செல்கிறோம்! அத்தெருவைக் கடந்தால் வலியசாலை. அங்குள்ள கோயில் இன்றும் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றே வழங்குகிறது. முதலாம் இராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி அவனுடைய வெற்றிகளுள் முதலாவதாகக் கூறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு. அங்கே அரசன் ‘கலமறுத்தான்’ என்கின்றன கல்வெட்டுக்கள்.

கலம் எது? மரக்கலமும் கலமே, உண்கலமும் கலமே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்கள் உறக்கத்தைக் கெடுப்பவை. சேரனுடைய கப்பல்களை அழித்த கடற்போர் என்பர் ஒரு சாரார். சாலை என்பது உணவளித்துக் கல்வி புகட்டிய அறநிலையம்; ஆகவே கப்பலுக்கு அங்கே இடமில்லை என்பர் மற்றொரு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதனைப் பற்றித் தனி நூலே எழுதினார். இரண்டாம் கருத்துக்கு வலுவான சான்றும் உண்டு. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு, பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலை அமைத்தான். அச்செப்பேட்டைக் கோபிநாத ராவ் திருவாங்கூர்த் தொல்பொருள் வரிசையில் பதிப்பித்தார்.

இச்செய்திகளை ஒருங்கே காண்பது எளிதன்று. நாகமையா 1906இல் வெளியிட்ட திருவாங்கூர் அரசுக் கையேடு ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகள். தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. மலையாள சர்வவிஞ்ஞானகோசத்தின் முதல் தொகுதி 1972இல் இந்நகரிலிருந்தே வெளிவந்தது. வாடகை வீட்டில் இவற்றை அடுக்க அலமாரிக்கு எங்கே போவது?

2002இல் மலையாளத்திலும் 2003இல் தமிழிலும் தோன்றிய இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா இக்குறையைப் பெரிதும் போக்கியது. அதில் யாரும் எழுதலாம், திருத்தலாம். பழைய வடிவமும் அழிவதில்லை. ஆயினும் ஓர் இடர் உண்டு. தமிழில் எழுதுவோர் சோழன் வெற்றியையும், மலையாளத்தில் எழுதுவோர் பழைய கல்விச் சிறப்பையும் மட்டுமே எழுதிவிட்டால், ஒரே தெருவுக்கு இரண்டு சரித்திரங்கள் ஆகிவிடும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஒன்றையும் வீட்டில் மற்றொன்றையும் கற்பார்கள். இரு மொழியும் படிக்கவல்லவர் இங்கு வாழும் நாமே. கடற்போர் என்று எழுதிப் பெருமிதம் கொள்ளுதல் எளிது; மறுப்பையும் அதனருகே எழுதுவதே நேர்மை.

எழுதுவதற்குப் பட்டம் வேண்டா. எந்த நூலில், எந்தப் பக்கத்தில் கண்டோம் என்பதைக் குறித்தல் மட்டும் வேண்டும். கண்ட நூலில் ஐயமிருப்பின், அதனை அக்கட்டுரைக்குரிய உரையாடற் பக்கத்தில் எழுதி வைக்கலாம்; அடுத்து வருபவர் விடை தேடுவார்.