ஒரு ரோல், பன்னிரண்டு படம்

1986-ஆம் வருடத்து மே மாதம் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். பதினொன்றில் வரிசையாக நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டாவதில் அப்பத்தாவின் தலையைச் சுற்றி ஒரு சைக்கிள் சக்கரம், சாமிக்குப் பின்னால் இருக்கும் திருவாசி மாதிரி. ஃபிலிமைச் சுற்ற மறந்து, சைக்கிளை எடுத்த இடத்திலேயே அப்பத்தாவையும் எடுத்துவிட்டார் அப்பா. "போகுது விடு, ஒரு படம் மிச்சமாச்சு" என்றாளாம் அப்பத்தா.

இந்த மே மாதம் நான் ஐந்து கல்யாணம் எடுத்தேன். மெமரி கார்டுகளைக் கொட்டிப் பார்த்ததில் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் படங்கள். அவற்றில் என் வீட்டார் இருப்பவை எத்தனை என்று ஒருநாள் ராத்திரி தேடினேன். ஒன்பது. அதிலும் நான்கு, லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகனை வெளிச்சம் சரிபார்க்க எடுத்தவை.

ஊட்டியிலிருந்து மைசூர் போகும் சாலையில், இந்து நகர்ப் பக்கம் இருக்கிறோம். இந்து என்றால் நிலா. அது இங்கே தயாரான ஃபிலிமின் பெயர். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்றுதான் இவ்வளவு உயரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கோபிசெட்டிபாளையத்தில் வயலை விட்டுவிட்டு அந்த வேலைக்கு மலையேறியவர் என் அப்பா.

அவருடைய வேலை இருட்டில். அகல ரோலாக வரும் ஃபிலிமை அளவுக்கு வெட்டும் பிரிவு. கறுப்பு வெள்ளை எக்ஸ்ரே ஃபிலிமுக்காவது மங்கலாக ஒரு விளக்கு உண்டு. எல்லா நிறத்தையும் உணரும் கேமரா ஃபிலிமுக்கு அதுவும் கிடையாது. கதவு சாத்தினால் கண் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். யார் வருகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொள்வார்கள். மிஷினின் சத்தம் ஒரு நூல் மாறினால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டிலும் அப்பா ராத்திரியில் விளக்குப் போடமாட்டார். தண்ணீர் குடிக்க எழுந்தால் இருட்டிலேயே போய் இருட்டிலேயே வருவார். நாங்கள்தான் சொம்பைத் தட்டிவிடுவோம்.

மைல் கணக்கில் ஃபிலிம் வெட்டியவர் வருடத்துக்கு ஒரே ஒரு ரோல்தான் வாங்குவார். 120 அளவு, பன்னிரண்டு படம். ஆக்ஃபா க்ளிக் த்ரீ கேமரா பக்கத்து குவார்ட்டர்ஸ்காரருடையது. சீசனுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும்.

சீசன் என்றால் இங்கே ஏப்ரலும் மேயும். வெளியூர்க்காரர்களுக்கு அது மலர்க் கண்காட்சி. எங்களுக்கு அது உறவுக்காரர்கள். பள்ளிக்கூடம் விட்ட மறுநாளே பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று கோபியிலிருந்து பஸ் ஏறிவிடுவார்கள். மூட்டையில் மாம்பழம் வரும், திரும்பும்போது கேரட்டும் வர்க்கியும் போகும். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் பதினான்கு பேர். குளிக்க வெந்நீருக்குக் கற்பூர மரக் கட்டையை எரிப்பார்கள். தைல மரம் என்று கீழ்நாட்டில் சொல்வதை நாங்கள் கற்பூர மரம் என்போம். வீடு முழுக்க அந்தப் புகை வாசனை. அம்மாவுக்கு அந்த இரண்டு மாதமும் அடுப்படிதான். கோடை நினைவு என்று நான் உருகி உருகி எழுதுவதையெல்லாம் அவள் படித்தால் என்ன சொல்வாளோ. அந்தப் பன்னிரண்டு படங்களில் அம்மா இருப்பது ஒன்றே ஒன்றில், அதிலும் பாதி முகம்தான்.

இப்போது அதே உறவுக்காரர்களின் பிள்ளைகள் இ-பாஸ் எடுத்து வருகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதி தொடங்கிய ஏற்பாடு அது. மறுவருடக் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று கணக்கும் வைத்தார்கள். வருகிறவர்கள் ரிசார்ட்டில் தங்குகிறார்கள். கிளம்புகிற அன்று வழியில் எங்கள் வீட்டில் ஒரு டீ. குறை சொல்லவில்லை. பதினான்கு பேருக்குச் சமைக்க என் மனைவிக்கு நேரமும் இல்லை, எனக்குக் கேட்கும் துணிச்சலும் இல்லை.

வார நாட்களில் நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு எழுதுகிறேன். சனி ஞாயிறுகளில் கல்யாணம். வளர்பிறை முகூர்த்தம் எந்தக் கிழமையில் வந்தாலும், மண்டபமும் ஆபீஸ் லீவும் சேர்ந்து கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமைக்கே தள்ளிவிடுகின்றன. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாத ஓட்டம். ஆடி பிறந்தால் கேமராவைத் துடைத்து வைக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கினால், ஞாயிறு ராத்திரி குன்னூர் மலைப்பாதையில் டூரிஸ்ட் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு வந்து சேர்வேன். சீசனில் ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை வேறு. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. என்னுடையதை நான் விற்றுவிட்டேன், நல்ல விலைக்குத்தான்.

நான் கேமரா பழகிய காலத்தில் போட்டோகிராபர் மேடையில் வாத்தியார் மாதிரி. "கையைக் கீழ போடுங்க, தலையை நிமித்துங்க, இங்க பாருங்க" என்பார். கல்யாணத்துக்கு மூன்று ரோல், ரோலுக்கு 36. அதற்குமேல் ஒரு படம் வேண்டுமென்றால் மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய் நிற்க வேண்டும். இன்று நாங்கள் சொல்வது நேர் எதிர்: "இங்க பாக்காதீங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கோங்க." இதன் பெயர் கேண்டிட். பார்க்காதது போல எப்படிப் பார்ப்பது என்பதில் இந்தக் காலத்துப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல பயிற்சி இருக்கிறது. இரண்டு கேமரா, வீடியோவுக்கு இரண்டு பேர், மேலே ஒரு ட்ரோன். மூவாயிரம், நாலாயிரம் படம் கொடுத்துவிட்டு, ஆல்பத்துக்கு நூற்றைம்பது தேர்ந்தெடுங்கள் என்றால் ஆறு மாதம் ஆனாலும் பதில் வராது. பிள்ளை பிறந்த பிறகு செலக்‌ஷன் அனுப்பியவர்களும் உண்டு. அந்த ஆல்பங்களை ராத்திரியில் உட்கார்ந்து டிசைன் செய்வது என் மனைவி. எங்கள் கல்யாண ஆல்பத்தை அவள் கடைசியாக எப்போது திறந்தாள் என்று கேட்க நான் தயாரில்லை.

படுகர் வீட்டுக் கல்யாணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மலைக்கே உரிய கல்யாணம் அது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துவந்து நடத்துவார்கள். பெரியவர்கள் வெள்ளை உடுத்து, வட்டமாக ஆடுவார்கள். எங்கு பார்த்தாலும் வெள்ளை, அதன்மேல் மலை வெயில். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: "நெழலுக்கு வெளிச்சம் குடு, மீதிய பிரிண்ட்ல பாத்துக்கலாம்." நெகட்டிவில் நிழல் பதியாமல் போனால் போனதுதான், வெள்ளை கொஞ்சம் கூடினால் பிரிண்ட் போடும்போது அடக்கிவிடலாம். டிஜிட்டலில் இது தலைகீழ். வெள்ளை எரிந்துவிட்டால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, எந்த மென்பொருளாலும் அந்தத் துணியின் மடிப்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நிழலை ஓரளவு தூக்கிவிடலாம். முதல் டிஜிட்டல் கேமரா வாங்கிய வருடம், அப்பாவின் பாடத்தை நம்பி ஒரு படுகர் கல்யாணத்தில் பாதிப் படங்களை எரித்தேன். பெரியவர்களின் முண்டாசெல்லாம் வெறும் காகிதமாகத் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னபோது திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப இனி வெள்ளையத்தான் காப்பாத்தோணும்" என்றார். அவ்வளவுதான். தொண்ணூறுகளில் அவர் தொழிற்சாலை நலிந்து, கடைசியில் அவர் விருப்ப ஓய்வில் வெளியே வந்த அன்றுகூட இதைவிட அதிகமாகப் பேசவில்லை.

சைக்கிளுக்கு வருகிறேன். அப்பத்தாவின் தலையைச் சுற்றியிருக்கும் சக்கரம் அப்பாவின் ஹெர்குலிஸ். ஊட்டியில் சைக்கிள் வைத்திருப்பவனைப் பைத்தியக்காரன் மாதிரி பார்ப்பார்கள். பாதித் தூரம் நாம் அதன்மேல், மீதித் தூரம் அதைத் தள்ளிக்கொண்டு நாம். ஷிப்ட் முடிந்து அப்பா மேட்டில் தள்ளிக்கொண்டு வருவார்; கேரியரில் அரிசி மூட்டையோ விறகோ இருக்கும். பொழுதுபோக்குக்கு சைக்கிள் என்பது அவருக்குப் புரியாத வார்த்தை. எங்களுக்குப் புரிந்தது. அவர் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய்க் குரங்கு பெடல் போட்டோம். இறக்கத்தில் பிரேக் இருந்தும் இல்லை. பனி விழுந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும், காய்ந்திருந்தால் கருகும். பெரியப்பா மகன் கவாத்து செய்த தேயிலைக் காட்டுக்குள் பாய்ந்தது அப்படித்தான். கவாத்து முடித்த செடி ஈட்டி முனை மாதிரி நிற்கும். தொடையில் மூன்று தையல். அண்ணன் இன்றும் வேட்டியை ஒதுக்கி அதைக் காட்டுவார்.

ஏறக்குறைய அதே காலத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில் இதே கூத்து ஒரு விளையாட்டாகிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. 1976 அக்டோபரில், கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலைப்பாதையில் கொஞ்சம் பேர் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு ஏறி, நேரம் வைத்து இறங்கினார்கள். ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று அந்தக் கூட்டத்தின் பெயர்கள் பிற்பாடு தொழில் வரலாறாகவே ஆயின. அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் உள்ளிருந்த கிரீஸ் வெந்து புகைந்துவிடும். திரும்ப அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர். வெண்டி க்ராக் என்ற பெண் கூடவே கேமராவோடு அலைந்ததால் அந்த நாட்கள் கறுப்பு வெள்ளையிலும் கலரிலும் மிஞ்சியிருக்கின்றன. ஜீன்ஸ், கட்டம் போட்ட சட்டை, தலையில் ஹெல்மெட் கிடையாது. இருபது வருடம் கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஒரு போட்டி. இதை அப்பாவிடம் சொன்னேன். "நாங்களுந்தான் பிரேக் கட்டை பொகைய எறங்குனோம். ஒருத்தனும் பேரு வெக்கலியே" என்றார்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. அவளுடைய மலை சைக்கிளுக்கு முன்னால் ஒரே ஒரு பல் சக்கரம், பின்னால் பன்னிரண்டு. டயருக்குள் ட்யூப் கிடையாது. பாலாடை போன்ற ஒரு திரவம், முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். சைக்கிளின் விலை என் முதல் கேமராவின் விலையைவிட அதிகம். வாங்கித் தர ஒரு வைகாசி முழுக்க ஆயிற்று. எஸ்டேட் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, தேயிலைக்கு நடுவிலிருக்கும் மண்பாதையில் ஓட்டுகிறாள். விடிகாலையில் விடமாட்டோம், காட்டுமாடு நிற்கும். எட்டு மணிக்கு இலை பறிக்கும் பெண்கள் வந்து பேச்சுச் சத்தம் கேட்ட பிறகுதான். அவர்களுக்கு இவள் ஒரு வேடிக்கை. "ஏம்மா, தள்ளிக்கிட்டு மேல போற, ஓட்டிக்கிட்டுக் கீழ வர்ற, மறுபடி தள்ளிக்கிட்டுப் போற. எதையாவது ஏத்திக்கிட்டுப் போனாலும் பரவால்ல" என்று ஒரு அக்கா கேட்டதாக அவளே வந்து சொன்னாள். அப்பா கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் கேட்கவில்லை. இந்தக் கோடை முழுக்க, நான் மண்டபங்களில் கழித்த சனி ஞாயிறுகளில், அவளோடு போனவர் அவர்தான். எண்பது வயதில் குல்லா, மப்ளர், ஒரு ஃபிளாஸ்க் டீ. பாதை முடியும் இடத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொள்வார்.

மே கடைசி ஞாயிறு ஒரு கல்யாணம் தள்ளிப்போய், நானும் போனேன். கேமராவும் கையுமாக மூன்றாவது வளைவைப் பார்த்து நின்றேன். பாதை முழுக்கக் கற்பூர மரப் பட்டை உதிர்ந்து கிடந்தது, கால் வைத்தாலே வழுக்கும். பனி இறங்கி வளைவே மறைந்துவிட்டது. அந்த வெள்ளைக்கு அளவு வைப்பதா, கறுப்பு ஹெல்மெட்டுக்கு வைப்பதா என்று நான் திருகிக்கொண்டிருந்தேன். அப்பா கல்லின்மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"வர்றா" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், பெடல் நின்று சக்கரம் மட்டும் ஓடும்போது வரும் அந்தக் கடகடச் சத்தம் எங்கிருந்தோ மெல்லியதாக வந்தது. பனிக்குள்ளிருந்து அவள் வெளியே வந்து, எங்களைத் தாண்டிப் போய்ச் சறுக்கி நின்றாள். நான் பட்டனை அமுக்கவே இல்லை.

"அப்பாரு, எத்தனை நிமிஷம்?" என்று கேட்டாள். கோபி வழக்கம் அவள் வாயில் மட்டும் மிச்சமிருக்கிறது.

"அது கெடக்குது அம்மிணி. பின் பிரேக்கு கத்துது. ரெண்டாவது வளவுலயே கேட்டுச்சு. உங்கப்பனை நாளைக்குப் பாக்கச் சொல்லு" என்று ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றினார்.