கன்டெய்னர் லாரி ஓட்ட ஆசையா? பணம் கட்டும் முன்...

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கும் திருவொற்றியூர், ராயபுரம் இளைஞர்களுக்கு ‘நாமும் ஓட்டலாமே’ என்று தோன்றுவது இயல்பு. அதற்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே யாராவது முழுப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பு கட்டாயம் என்ற விதி 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

பயிற்சிப் பள்ளி தரும் ‘படிவம் 5’ சான்றிதழ் அவசியம். ‘வண்டியைத் தொடாமலே தருகிறோம்’ என்றால் விலகிவிடுங்கள். பாரம் ஏற்றிய வண்டிக்கு பிரேக் பிடிக்கும்போது காகிதம் கை கொடுக்காது. ஸ்டீயரிங் எத்தனை மணி நேரம் உங்கள் கையில் இருக்கும் என்று கேட்டு, கட்டணத்தை ஒப்பிடுங்கள். கும்மிடிப்பூண்டியில் உள்ள சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி மையத்திலும் விசாரியுங்கள். மணலி பெட்ரோல் டேங்கர்தான் இலக்கா? ஆபத்தான சரக்குகளுக்கான 3 நாள் பயிற்சியும் வேண்டும்.